மூன்றால் பெருக்கினால் பனிப்பாளம் ஓடிவிடுமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் ஓட்டத்தை மாடல் செய்கிறேன். படிக அமைப்பைச் சேர்க்கச் சொல்கிறார் கைடு. "மூன்றால் பெருக்கினால் போதும்" என்று ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேட் கோடு தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பனிப்பாள ஓட்டத்தைக் கணக்கிடும் எல்மர்-ஐஸ், பிசம் (PISM) மென்பொருள்கள் இரண்டும் இணையத்தில் இலவசம். இலவசத்துக்குப் பெயர் மாற்றிக் காசு பார்ப்பவர்கள் இத்துறையையும் விடவில்லை. அந்த 'மூன்று' எது என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். பனி எவ்வளவு வேகமாக உருமாறும் என்று சொல்லும், 1955-இல் வந்த கிளென் விதியில் தகைவின் (ஸ்ட்ரெஸ்) மூன்றாம் படி ஒன்று உண்டு. அது வேறு, இந்தப் பெருக்கு எண் வேறு.

பனிப்படிகம் ஒரு தளத்தில் மட்டும் சீட்டுக்கட்டுபோல் எளிதாக வழுக்கும், மற்றத் திசைகளில் முரண்டு பிடிக்கும். மேற்பரப்புக்கு அருகே இந்தப் படிகக் கட்டுகள் கண்டபடி திரும்பிக் கிடக்கும். ஆழத்தில், பல ஆயிரம் ஆண்டு அமுக்கத்தில், பெரும்பாலானவை கிடையாகப் படுத்துவிடும். கிளென் விதிக்கு இது தெரியாது, எல்லாத் திசையும் அதற்கு ஒன்றுதான். விதி தரும் உருமாற்ற வேகத்தைப் பெருக்கி அந்த ஓட்டையை அடைக்க வந்ததே பெருக்கு எண். தெற்கு கிரீன்லாந்தின் டை-3 என்ற இடத்தில் போட்ட ஆய்வுத் துளையில் பனியூழிக் காலப் பனி மற்றதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எளிதாக நகர்ந்தது. மூன்றுக்கு ஆதாரம் அப்படிப்பட்ட அளவீடுகள்தான்.

சரிவில் இது செல்லும். பனி இரு பக்கமும் பிரிந்து ஓடும் முகட்டில் செல்லாது, இதை மட்டும் ஊன்றிப் படியுங்கள். கிரிப் (GRIP) என்ற ஐரோப்பியத் துளைப்புக் குழு 1992-இல் சுமார் 3,029 மீட்டர் துளைத்து முடித்த உச்சிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்கு நேர்கீழே சறுக்குப்பெயர்ச்சி, அதாவது ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் நழுவுவது, கிடையாது. மேலிருந்து அமுக்கம், பக்கவாட்டில் விரிவு, அவ்வளவுதான். படுத்திருக்கும் சீட்டுக்கட்டை மேலிருந்து அழுத்தினால் சீட்டு நழுவுமா? பனி அங்கே இளகாது, இறுகும். எண் 1-க்கும் கீழே போகும். அதே பனி சரிவுக்கு வந்ததும் 1-ஐத் தாண்டும். இரண்டையும் ஒரே எண்ணால் சொல்ல முடியாது. முகட்டிலும் 3 போட்டால் அடுக்குகளின் வயதுக் கணக்கே பிசகும்.

இன்னொரு பொறி: செயற்கைக்கோள் தரும் வேகத்தோடு ஒத்துப்போகும்வரை அந்த எண்ணைத் திருகுவது. பிழை வெப்பநிலையிலோ அடித்தள வழுக்கலிலோ இருக்கும், பழி படிகத்தின்மேல் விழும். பல்கலைக்கழகங்களுக்கோ ஆறு மாதத்தில் வண்ணப்படம் வேண்டும். அந்த வண்ணத்துக்குள் எத்தனை திருகல் என்று வைவாவில் யார் கேட்கிறார்கள்?

மற்ற எதையும் தொடாமல் எண்ணை 1, 3, 5 என மாற்றி மூன்று முறை ஓட்டுங்கள். எண்ணை மாற்றியும் வேகம் மாறாத இடத்தில் பனி அடித்தளத்தின்மேல் வழுக்குகிறது; அங்கே படிகத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முகட்டுப் பகுதியை வெட்டிவிடுங்கள், வெட்டியதை அறிக்கையிலும் எழுதிவிடுங்கள்.