பூ வைத்தால் தலைவலி: அது அலர்ஜியா?

கேள்வி: எனக்கு வயது 34. மல்லிகைப்பூ வைத்தால் அரை மணி நேரத்தில் வலது பொட்டில் விண்விண்ணென்று வலி தொடங்கி, குமட்டலோடு மறுநாள் வரை நீடிக்கிறது. தும்மல் இல்லை. அலர்ஜி என்று சொல்லி மருந்துக் கடையில் தந்த செட்ரிசினை ஒரு மாதம் போட்டும் பயனில்லை. வீட்டில் நடிப்பு என்கிறார்கள். மாமியார் பூ கட்டி விற்பவர், நானும் உதவுவேன். சாமந்தி கட்டினால் விரல் நுனிகள் அரித்து வெடிக்கின்றன. இதுவும் அதே அலர்ஜிதானா?

பதில்: நடிப்பே இல்லை. உங்களுக்கு இருப்பவை இரண்டு வேறு தொந்தரவுகள். இரண்டுக்கும் செட்ரிசின் கேட்காது.

மல்லிகை மாலையில் மலர்ந்து மணப்பது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான். பூச்சியை நம்பும் பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் எளிதில் பறக்காது. மூக்கு அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் புல், பார்த்தீனியக் களைச்செடி போன்றவற்றின் மகரந்தம்தான். அது வந்தால் தும்மல், நீர்மூக்கு, கண் அரிப்பு இருக்கும். நீங்கள் சொல்வதில் அவை இல்லை.

ஒரு பக்கம் துடிக்கும் வலி, குமட்டல், மணிக்கணக்கில் நீடிப்பது, வாசனை ஆகாதது: இவை மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள். வாசனை ஒவ்வாமல் போவது சாதாரணத் தலைவலியைவிட மைக்ரேனில்தான் அதிகம். மல்லிகையில் இன்டோல் என்ற பொருளும் உண்டு. மிகக் குறைந்த அளவில் அது மணத்துக்கு அடர்த்தி தரும், அளவு கூடினால் மலநாற்றம். ஒருவருக்கு மணக்கும் பூ இன்னொருவருக்குக் குமட்டுவதில் வியப்பில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே மூளை வாசனைகளைத் தாங்காத நிலைக்குப் போவதுண்டு. அப்போது பூ காரணமாக இல்லாமல், முதலில் கண்ணில் பட்ட குற்றவாளியாக மட்டும் இருக்கலாம். பூ வைத்துப் போகும் கல்யாண நாளில் தூக்கமும் கெடும், சாப்பாடும் தள்ளிப்போகும். அவையே மைக்ரேனைத் தூண்டும். ஆகவே இரண்டு மாதம் குறிப்பு எழுதுங்கள்: வலி தொடங்கிய நேரம், வைத்த பூ, முந்தைய இரவின் தூக்கம், சாப்பிட்ட நேரம், மாதவிடாய் நாள். குறிப்பு எழுதும் அந்த இரண்டு மாதமும் மல்லிகைக்குப் பதில் கனகாம்பரம் வையுங்கள். அதற்கு வாசனையே இல்லை, பூ வைக்கும் ஆசையும் நிறைவேறும். படுக்கையறையிலும் மூடிய காரிலும் மல்லிகைச் சரம் வேண்டாம்.

வலி தொடங்கியதுமே மாத்திரை போட வேண்டும். தாமதித்தால் மைக்ரேனில் இரைப்பை மந்தமாகி மருந்து மெதுவாகவே ஏறும். 50 கிலோவுக்கு மேல் எடையும் கல்லீரல் நோய் இல்லாத நிலையும் இருந்தால் பாராசிட்டமால் 1000 மில்லிகிராம் ஒரு வேளை போடலாம். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று சில மாதம் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். மாதம் நான்கு நாளுக்கு மேல் வலித்தால் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடிக்கடி எழுதப்படும் புரோப்ரனலால் என்ற தடுப்பு மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

திடீரென இடி விழுந்தாற்போல் வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் குறிப்பு எழுதிக் கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

விரல் வெடிப்புக்கும் வாசனைக்கும் தொடர்பில்லை. அது சாறு தோலில் படுவதால் வரும் தொடு அலர்ஜியாக இருக்கலாம். சாமந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். இரண்டின் சாற்றிலும் தோலில் அலர்ஜி உண்டாக்கும் ஒரே வகை ரசாயனங்கள் உண்டு. தொட்ட ஒன்றிரண்டு நாள் கழித்தே அரிப்பு வருவதால் பலர் சோப்பைக் குறை சொல்வார்கள். சாமந்தி கட்டுவதைக் கொஞ்ச காலம் வேறு யாரிடமாவது விடுங்கள். வாசனையால் தலைவலி வருவதால் மல்லிகையை நீங்கள் கட்டலாம் என்று சொல்ல வழியில்லை, கனகாம்பரம் கட்டுங்கள். விட முடியாவிட்டால் உள்ளே பருத்தி, மேலே நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. முடித்ததும் கை கழுவி வாசலின் தடவுங்கள். ஸ்டீராய்டு களிம்பைத் தோல் மருத்துவர் சொன்ன நாள் அளவுக்கு மட்டும் போடுங்கள். உறுதி செய்ய ஒட்டுப் பரிசோதனை உண்டு: சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. கண் இமையிலும் கழுத்திலும் அரிப்பு பரவினால் வீட்டைச் சுற்றிப் பார்த்தீனியம் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் நீங்களே பிடுங்காதீர்கள்.