கள்ளனுக்கு இங்கிலீஷில் எத்தனை பெயர்?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் கேட்கிறார்: "நாகர்கோவிலில் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். இங்கிலாந்து போக ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதுகிறேன். கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வந்துவிட்டது. எழுத்தில் மட்டும் இரண்டு தடவையும் 6. போன தடவை குற்றமும் சிசிடிவியும் பற்றிக் கட்டுரை வந்தது. 300 சொற்கள் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்ததும் எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. எந்தச் சொற்களைப் படிக்க வேண்டும்? தினமும் இங்கிலீஷ் பேப்பர் வாசித்தால் போதுமா?"

தங்கச்சி, அங்குள்ள நர்சிங் கவுன்சில் எழுத்தில் கேட்பது 6.5. உங்களுக்கு அரை மதிப்பெண்தான் குறைகிறது. 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொல் எழுத வேண்டிய அந்தக் கட்டுரையில், சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். அந்த ஒரு பங்கைக்கூட, எத்தனை பெரிய சொல் போட்டீர்கள் என்று எண்ணித் தருவதில்லை. போட்ட சொல் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா, கூட வர வேண்டியதோடு வந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் முதலில் அந்தப் பட்டியலை மடித்து வையுங்கள். முப்பது, நாற்பது சொல் போதும்.

நம்ம ஊர் விஷயத்திலிருந்தே தொடங்குவோம். வீட்டு முற்றத்தில் கொடிக்கயிற்றில் ரப்பர் ஷீட் காயப் போட்டிருக்கிறது. ஒருவன் வந்து பத்து ஷீட்டை உருவிக்கொண்டு போய்விட்டான். இது தெஃப்ட். ஷீட் அடுக்கி வைத்திருந்த அறைக்குள் புகுந்து எடுத்தால் பர்க்ளரி. பூட்டை உடைத்தால்தான் பர்க்ளரி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டப்படி, திருடும் எண்ணத்தோடு அனுமதியில்லாமல் கட்டடத்துக்குள் நுழைந்தாலே போதும், கதவு திறந்தே கிடந்தாலும் சரி. காவலுக்கு நின்ற தாத்தாவிடம் கத்தியைக் காட்டி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனால் அது ராபரி. ஆளைத் தாக்கியோ மிரட்டியோ எடுப்பதுதான் இதில் முக்கியம். ஷீட் விற்ற காசோடு வரும்போது வழியில் மறித்து அடித்துப் பிடுங்கினால் மக்கிங். கடைக்குள் வாடிக்கையாளர் போல வந்து சாமானை மறைத்துக்கொண்டு போவது ஷாப்லிஃப்டிங். எங்கள் பாட்டி இத்தனைக்கும் ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தார்: "கள்ளன் கொண்டு போயிட்டான்." இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது.

வினைச்சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டீல் என்றால் அடுத்து வருவது பொருள், ராப் என்றால் அடுத்து வருவது ஆளோ இடமோ. "ஹி ராப்ட் மை செயின்" என்று எங்கள் வகுப்பில் வாரம் ஒருவராவது எழுதுவார். செயினை யாரும் ராப் பண்ண முடியாது. "ஹி ஸ்டோல் மை செயின்" அல்லது "ஹி ராப்ட் மி ஆஃப் மை செயின்". செயின் பறிப்புக்கு நம் சட்டத்தில் முன்பு தனிப் பிரிவே இல்லை. 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுத் தண்டனைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு அதை ஸ்னாட்சிங் என்று தனியாகப் பெயரிட்டிருக்கிறது.

இனி நீங்கள் மதிப்பெண் விட்ட இடம் என்று நான் சந்தேகப்படுவது. தமிழில் "திருட்டு வழக்கில் கைது", "கொலைக் குற்றவாளி" என்று உருபும் தொகையும் வேலையை முடித்துவிடும். இங்கிலீஷில் வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் வால் போலத் தொங்கும், ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு வால். அதே ஷீட் கள்ளனை ஸ்டேஷனிலிருந்து இரணியல் கோர்ட் வரை கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவன்தான் என்று பழி சொல்கிறார்: அக்யூஸ்ட் ஆஃப். போலீஸ் பிடிக்கிறது: அரெஸ்டட் ஃபார். முறையாகக் குற்றம் சாட்டுகிறார்கள்: சார்ஜ்ட் வித். வெளியே விடுகிறார்கள்: ரிலீஸ்ட் ஆன் பெயில். கோர்ட் அவன்தான் செய்தான் என்று தீர்மானிக்கிறது: கன்விக்டட் ஆஃப். இல்லை என்றால் அக்விட்டட் ஆஃப். தண்டனை சொல்கிறது: சென்டன்ஸ்ட் டு. இந்த ஏழையும் வாலோடு சேர்த்து ஒரே சொல்லாக மனதில் ஏற்றுங்கள். "அக்யூஸ்ட் வித்", "கன்விக்டட் ஃபார்" என்று மாற்றி எழுதினால் தேர்வாளர் கண் அங்கே நின்றுவிடும்.

தக்கலையில் என் வகுப்பில் ஒரு பையன் எழுதினான்: "தி திஃப் வாஸ் பனிஷ்ட் பை ஃபைவ் இயர்ஸ் ஜெயில்." அர்த்தம் புரிகிறது, ஆனால் தமிழ் அப்படியே தெரிகிறது. "வாஸ் சென்டன்ஸ்ட் டு ஃபைவ் இயர்ஸ் இன் பிரிசன்" என்று மாற்றினோம். மாறிய சொல் மூன்று, ஏறிய சொல் ஒன்றுதான், வாக்கியத்தின் தரமே வேறு. இன்னொன்று, தீர்ப்பு வரும் வரை அவன் சஸ்பெக்ட், கோர்ட்டில் நிற்கும்போது டிஃபென்டன்ட். அதற்கு முன்னாலேயே கிரிமினல் என்று எழுதாதீர்கள். மொழிக்காக மட்டும் சொல்லவில்லை, நியாயமும் அதுதான்.

பேப்பர் வாசிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாசியுங்கள், ஆனால் கொஞ்சம் ஜாக்கிரதை. நம் நாட்டு இங்கிலீஷ் பேப்பர்களின் போலீஸ் செய்தி ஒரு தனி மொழி. ஈவ் டீசிங், ஹிஸ்டரி ஷீட்டர், லத்தி சார்ஜ் எல்லாம் நமக்குப் பச்சைத் தண்ணீர். லண்டன்காரர் முழிப்பார். முதலாவதற்கு செக்ஷுவல் ஹராஸ்மென்ட், இரண்டாவதற்கு ரிப்பீட் அஃபெண்டர் என்று எழுதுங்கள். "தலைமறைவு" என்பதற்கு நம் பேப்பர் போடும் ஆப்ஸ்காண்டிங்கை விட ஆன் தி ரன் அவர்களுக்கு இயல்பு. ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து கொள்ளையடித்தால் நம் சட்டம் டெக்காய்ட்டி என்கிறது, அதுவும் அங்கே செல்லாது. வேடிக்கை என்னவென்றால் தக் (ரவுடி), லூட் (கொள்ளை) இரண்டும் இங்கிருந்து, இந்தியிலிருந்து, இங்கிலீஷுக்குள் போன சொற்கள். வந்தவர்கள் சொல்லைக்கூட விட்டு வைக்கவில்லை.

சிசிடிவிக்கு வருவோம். இதில் மூன்று வினைகளைப் பிரித்துப் புரிந்துகொண்டால் கட்டுரைக்கு வாதமே கிடைத்துவிடும். பிரிவென்ட் என்பது நடக்கவே விடாமல் தடுப்பது. டிட்டர் என்பது பயம் காட்டி மனதை மாற்றுவது. டிடெக்ட் என்பது நடந்ததைக் கண்டுபிடிப்பது. மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடை வாசலில் கேமரா இருக்கிறது. அதைப் பார்த்து ஒருவன் திரும்பிப் போனால் அது டிட்டர். திருடிவிட்டுப் போனவன் முகம் பதிவாகி மறுநாள் மாட்டினால் டிடெக்ட். கேமரா டிடெக்ட் வேலையை நன்றாகச் செய்கிறது, டிட்டர் வேலையை எவ்வளவு செய்கிறது? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு பத்தி எழுதிவிடலாம். டிட்டருக்கும் வால் உண்டு: "டிட்டர் பீப்புள் ஃப்ரம் ஸ்டீலிங்". எதிர்ப்பக்கத்துக்கு இன்வேஷன் ஆஃப் பிரைவசி, அதாவது தனியுரிமையில் தலையிடுவது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் சொன்னதை உதாரணமாகக் கொடுத்தால் பத்திக்குக் கனம் சேரும். மானிட்டர் என்ற வினையைப் பயப்படாமல் போடுங்கள், ஐசியூவில் தினமும் செய்வதுதானே. எவிடன்ஸ், ஃபுட்டேஜ் இரண்டுக்கும் கடைசியில் எஸ் சேர்க்கவே கூடாது. போலீஸ் எப்போதும் பன்மை: "தி போலீஸ் ஆர்".

சமூகப் பிரச்சினைச் சொற்களில் பாதி உங்கள் வார்டிலேயே இருக்கின்றன. சப்ஸ்டன்ஸ் அப்யூஸ் (போதைப் பழக்கம்), டொமஸ்டிக் வயலன்ஸ் (குடும்ப வன்முறை), ரீஹாபிலிடேஷன் (மறுவாழ்வு) எல்லாம் கேஸ் ஷீட்டில் பார்த்தவைதான். அடிக்டட் மட்டும் டு என்ற வாலோடு வரும். தண்டனை பற்றிய தலைப்பு வந்தால் ரீஅஃபெண்ட் என்ற வினை கைகொடுக்கும், விடுதலையாகி மறுபடி குற்றம் செய்வது. இதற்கும் நம் புதுச் சட்டத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை குற்றவாளியாகிறான், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் ஜெயிலுக்குப் பதில் கம்யூனிட்டி சர்வீஸ். சிறிய குற்றத்துக்கும் ஜெயிலா என்ற கேள்வி வந்தால் இதை வைத்து எழுதலாம்.

பயிற்சிக்குப் புத்தகம் வாங்க வேண்டாம். டியூட்டி முடிந்து கருங்கல் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அன்றைய தமிழ்ப் பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கத்தை எடுங்கள். களவோ அடிதடியோ மோசடியோ ஒரு செய்தி கட்டாயம் இருக்கும். அதை ஐந்து வாக்கியத்தில் இங்கிலீஷில் நோட்டில் எழுதுங்கள், வால் உள்ள வினை குறைந்தது மூன்று இருக்கட்டும். மறுநாள் அதே பஸ்ஸில் பழையதை வாசித்து, வால் மாறிய இடத்தில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். மூன்று வாரம் கழித்து நோட்டில் சிவப்பு குறைந்திருந்தால் தேர்வுக்குப் பணம் கட்டலாம்.