மாத்திரையை நிறுத்தினேன், மூன்று மாதம் கழித்து முடி கொட்டியது

கருத்தடை மாத்திரையை நிறுத்திய பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே, திரும்ப வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வளர்ந்தது. ஆனால் அதுவரை பெங்களூர்த் தண்ணீரை நான் திட்டாத நாளில்லை.

கே.ஆர்.புரத்தில் டேங்கர் தண்ணீர் வரும் வீடு. தினமும் பாத்ரூமில் தண்ணீர் போகும் சல்லடையில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு முடி சுருண்டு கிடக்கும், பின்னலில் இரண்டு சுற்றில் நின்ற ரப்பர் பேண்டு மூன்று சுற்று கேட்டது. திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில், "தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்ல, பின்ன கொட்டாம என்ன செய்யும்" என்பார். பிசிஓடிக்காக, அதாவது சினைப்பை நீர்க்கட்டிக்காக, நான்கு வருடம் அந்த மாத்திரை சாப்பிட்டதை அம்மாவிடம் சொல்லவே இல்லை, பெயரைக் கேட்டாலே போதும். (மெடிக்கல் கடையில்கூட அந்த அட்டையை மட்டும் பேப்பரில் சுற்றித்தான் தருவார்கள்.)

ஷாம்பு மாற்றி, ஷவருக்கு ஃபில்டர் மாட்டி, காசு போனதுதான் மிச்சம். கடைசியில் தோல் டாக்டர் ஒரு கொத்தை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுக்க, ஏழெட்டு கையோடு வந்தன. ஒன்றை வெளிச்சத்தில் காட்டினார், வேர்ப்பக்கம் ரவை போலச் சின்ன வெள்ளை முடிச்சு. "இது ஓய்வுக்குப் போய்த் தானா விழற முடி. மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றார். கொட்ட ஆரம்பித்தது ஜூனில். மாத்திரையை விட்டது மார்ச்சில்!

மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் முடியை வளரும் கட்டத்திலேயே பிடித்து வைக்கிறது. நிறுத்தியதும் நிறைய முடி ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாகவே விழுகிறது. பிரசவத்துக்குப் பின் கொட்டுவதும் இதே கணக்குதான். பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கிவிடும்.

மாத்திரை சாப்பிடும்போதே கொட்டுகிறது என்றால் அட்டையில் என்ன மருந்து என்று பாருங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல், நோரெத்திஸ்டிரோன் இரண்டுக்கும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் குணம் உண்டு, முடி மெலியும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ட்ராஸ்பைரினோன் அப்படியில்லை. நீங்களாக மாற்ற வேண்டாம், மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தின் அளவு) தைராய்டும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். எனக்கு ஃபெரிட்டின் 11தான் இருந்தது, தோல் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். டெஸ்ட்டுக்கு முன்னால் முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தைராய்டு ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டும். வகிடு அகலமாகிக்கொண்டே போனால் மட்டும் காத்திருக்காதீர்கள், அது தானாகத் திரும்பாத வகை, பிசிஓடி உள்ளவர்களுக்கு வரக்கூடியது.

நவம்பரில் என் நெற்றியோரம் குட்டை முடிகள் குத்திட்டு நின்றன. வீட்டுக்கு வருவது இன்னும் அதே டேங்கர்தான்.