சிஇஓ ஆக சர்ட்டிஃபிகேட் வேண்டாம், முதலில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கையில் வாங்குங்கள்

கேள்வி: என் மாமனார் கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் ஃபவுண்டரி நடத்துகிறார். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கோயம்புத்தூர் பம்பு கம்பெனிகளுக்கு வார்ப்படம் செய்து கொடுக்கிறோம். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். மாமனாருக்கு இதய ஆபரேஷன் ஆனதால் என்னை சிஇஓ ஆக்கப்போகிறார். நான் இன்ஜினியரிங் படித்து ஐடியில் வேலை பார்த்தவள். கணவர் துபாயில். எங்களுக்கு ஃபைலிங் வேலை பார்க்கும் கன்சல்டன்ட், “சிஇஓ ஆக லீடர்ஷிப் சர்ட்டிஃபிகேட் வேண்டும், மூன்றரை லட்சம் ஆகும்” என்கிறார். டைரக்டர் ஆகாமல் சிஇஓவாக மட்டும் இருந்தால் சட்டப் பொறுப்பு எதுவும் வராது என்றும் சொல்கிறார். நல்லபடியாக நடத்த எனக்கு என்னதான் தேவை?
(கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சர்ட்டிஃபிகேட் தேவையே இல்லை, அம்மா. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சிஇஓவுக்கு எந்தப் படிப்பையும் கேட்கவில்லை. உங்கள் கம்பெனி மாதிரி பிரைவேட் கம்பெனிக்கு அந்தப் பதவியே கட்டாயமில்லை. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள பப்ளிக் கம்பெனிகளும்தான் எம்டி, சிஇஓ என்று ஒருவரை வைத்தே ஆகவேண்டும். உங்களுக்கு ஒரு போர்டு தீர்மானம் போதும். மூன்றரை லட்சத்தை வங்கியிலேயே விட்டு வையுங்கள்.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம் இதைவிட மோசம். சிஇஓ என்றாலே சட்டத்தின் கணக்கில் முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர். டைரக்டராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கம்பெனி தவறு செய்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். பேலன்ஸ் ஷீட்டிலும் உங்கள் கையெழுத்து விழும்.

இதில் விதிவிலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். டைரக்டர்களுக்கு ஒன்று இருக்கிறது, சிஇஓவுக்கு அது முழு விலக்கு ஆகாது, ஆதாரமாக உதவலாம். அதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு முடிவு உங்களுக்குச் சம்மதமில்லை என்றால், அந்தக் கூட்டத்திலேயே எதிர்ப்பைச் சொல்லி மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் போர்டில் இல்லாவிட்டால் எல்லா டைரக்டர்களுக்கும் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். டீ குடிக்கும்போது “மாமா, இது சரியா வராதே” என்று சொன்னது எதிர்ப்பாகாது. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டதும் ஆகாது. குடும்பக் கம்பெனிகளில் மினிட்ஸ் எல்லாம் வருடக் கடைசியில் மொத்தமாக எழுதப்படும், அதில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஒருமனதாகத் தலையாட்டியிருப்பார்கள். அப்படியே எதிர்ப்பு ஏறியிருந்தாலும், எதிர்த்த பிறகு அந்தக் காரியத்தை நீங்களே முன்நின்று செய்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. விலகினாலும் இதே கதைதான். டைரக்டர் விலகினால் தானே ஒரு படிவம் போட்டுத் தெரிவிக்க வழி உண்டு. சிஇஓவாக மட்டும் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது, கம்பெனி மனம் வைத்துத் தெரிவிக்க வேண்டும். அதனால் விலகல் கடிதத்தை ஒப்புகையோடு கொடுத்து ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள்.

இப்போது நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அரசு போர்ட்டலில் ஏற்றும் படிவங்களில் உங்கள் கையெழுத்தைப் போடும் யுஎஸ்பி, அதுதான் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். உங்களுடையது யாரிடம் இருக்கப்போகிறது? கன்சல்டன்ட் ஆபீஸ் டிராயரைத் திறந்தால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய யுஎஸ்பி டோக்கன்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயர் எழுதிய ஸ்டிக்கர், பல நேரம் அதிலேயே பாஸ்வேர்டும். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அதை வைத்து உங்களுக்குத் தெரியாமல் டைரக்டரைச் சேர்க்கலாம், அலுவலக முகவரியை மாற்றலாம், சொத்தின் மேல் அடமானம் பதியலாம். டோக்கனை உங்கள் கட்டுப்பாட்டில் வைப்பது உங்கள் கடமை என்று 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது. “என் டிராயரில் இல்லையே” என்ற பதில் எடுபடாது. மாமனாரின் டோக்கனையும் இந்த வாரமே போய் வாங்கி வந்து அவர் கையிலேயே கொடுங்கள். உங்கள் டோக்கனைப் படிவம் ஏற்றும் நேரத்தில் நீங்களே செருகி, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, எடுத்துவிடுங்கள். கன்சல்டன்ட் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அவர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு போர்ட்டல் கடைசித் தேதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். ஓடிபி வராது. வந்தால் நேரம் முடிந்துவிடும். போர்ட்டல் படுத்தது அவர்கள் பிரச்சினை, ஆனால் ஆண்டுக் கணக்குப் படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு, படிவமொன்றுக்கு 100 ரூபாய் உங்களிடம்தான் வசூலிப்பார்கள். உச்சவரம்பும் கிடையாது. தொடர்ந்து 3 வருடம் தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர்களுக்கு 5 வருடத் தகுதியிழப்பு. அதனால் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

சரி, நடத்துவது எப்படி? உங்கள் கம்பெனியில் முதல் சிக்கல் இரண்டு முதலாளிகளாகத்தான் இருக்கும். நீங்கள் வேண்டாம் என்றதை ஃபவுண்டரி மேனேஜர் சாயங்காலம் மாமனாரின் கட்டிலருகே போய் வேண்டும் என்று வாங்கி வருவார். அவர் கெட்டவர் இல்லை, முப்பது வருடப் பழக்கம். எவ்வளவு தொகை வரை நீங்கள் தனியாக முடிவெடுக்கலாம், வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் யார், விலை பேசுவது யார் என்று தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். அதை மேனேஜர் முன்னால் மாமனார் வாயாலேயே சொல்ல வையுங்கள். இது நடக்காவிட்டால் பதவியை ஏற்க வேண்டாம்.

அப்புறம் பணம். வாரா வாரம் திங்கட்கிழமை ஒரு தாளில் வங்கி இருப்பு, வரவேண்டிய பாக்கி, சம்பளம், கரண்ட் பில் இவ்வளவும் எழுதுங்கள். பம்பு கம்பெனிகள் 90 நாள் இழுப்பார்கள். நீங்கள் உத்யம் பதிவுள்ள (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) குறு அல்லது சிறு நிறுவனமென்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் தரவேண்டும். தராமல் தள்ளினால், 2023-24 நிதியாண்டிலிருந்து, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அவர்கள் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியும். மார்ச் மாதம் இதை நினைவூட்டினால் வேலை செய்யும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பணம் முடையானால் முதலில் பிஎஃப், இஎஸ்ஐதான் தள்ளிப்போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். ஆட்களின் சம்பளத்தில் பிடித்த பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். தாமதமானால் பின்னால் கட்டினாலும் வரிக்கழிவு கிடையாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போதைய விதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்ததைக் கட்டாமலே விட்டால் குற்ற வழக்கு. கூடவே, உங்கள் பக்கம் போனஸ் ஓணத்துக்கு முன்னால், எல்லையிலுள்ள வாளையாறுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தீபாவளிக்கு. இரண்டு ஊர் ஆட்களும் இருப்பார்கள், எதற்குக் கொடுப்பது என்று ஜூன் மாதமே பேசிவிடுங்கள். லாரி இறக்கும்போது நோக்குக்கூலி, அதாவது வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே கூலி, கேட்டு யாராவது வந்தால், “நான் பேசி முடித்துத் தருகிறேன்” என்று ஒரு இடைத்தரகரும் கூடவே வருவார். கேரளத்தில் அது 2018 மே 1 முதல் தடை. தரகருக்குப் பணம் கொடுத்தால் மறுமாதமும் வருவார்.

தினமும் ஒருமுறை ஷெட்டின் பின்பக்கம் ரிஜெக்‌ஷன் குவியலைப் போய்ப் பாருங்கள். மணலில் ஈரம் கூடினால் வார்ப்படத்துக்குள் காற்றுக்குழி விழும். வெளியே தெரியாது. கோயம்புத்தூரில் கடைசல் பிடிக்கும்போதுதான் தெரியும், அப்போது வார்ப்பட விலையோடு கடைசல் கூலியையும் சேர்த்து உங்கள் பாக்கியில் கழித்துக்கொண்டு டெபிட் நோட் வரும். அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மோல்டிங் ஆளிடம் போய், திட்டாமல், என்ன ஆச்சு என்று கேளுங்கள். திட்டினால் அடுத்த துண்டு உங்கள் கண்ணில் படாது, ராத்திரியே உருக்கிவிடுவார்கள்.

கடைசியாக, நீங்கள் சிஇஓ ஆனதும் வங்கியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தோடு வருவார்கள். பெரும்பாலும் அதற்குள் தனிநபர் உத்தரவாதமும் இருக்கும். கம்பெனி திவாலாகி அதன் கணக்கு தீர்ந்தாலும் உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பு தானாகத் தீராது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உங்களுக்குப் பங்கு இல்லையென்றால் மறுக்கலாம். அந்தக் காகிதக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள், கணவரோடு பேசுங்கள். கொழிஞ்சாம்பாறை வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு அப்புறம் பதில் சொல்லுங்கள்.