வாழையிலைக் கடைக்கு ஆப் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மா நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு ஆர்டர் ஆப் செய்யப் போகிறீர்கள், எந்த வசதியை முதலில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப் கொஞ்சம் பொறுக்கட்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் பரப்பிய டிசைன் திங்கிங் (பயனரிடமிருந்து தொடங்கித் தீர்வு தேடும் முறை) ஐந்து கட்டங்கள் கொண்டது: பயனரைப் புரிந்துகொள்வது, சிக்கலை வரையறுப்பது, யோசனைகளைக் குவிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது. வரிசையாகத்தான் போக வேண்டும் என்றில்லை. முதல் இரண்டில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

மதியம் 12:30-க்குக் கல்லா பக்கத்தில் நின்று பாருங்கள். “ஆப் இருந்தால் பயன்படுத்துவீர்களா?” என்று கேட்காதீர்கள், முகத்துக்காக “ஆமா தம்பி” என்பார்கள். “போன தடவை பொட்டலம் வாங்கியபோது என்ன நடந்தது?” என்று கேளுங்கள்.

நண்பர் கடை ஒன்றில் இப்படி நின்றேன். வரிசை நீளம்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தோம். உண்மையில் கடைப் பையன் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, கோழியா மீனா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் முதல் மாதிரி? கோழிக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், மீனுக்குப் பச்சை. (வெள்ளிக்கிழமை பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது, பாதிப் பேர் சைவம்.)

அப்புறம், ஆப் என்று வந்தால் திரைகளைக் காகிதத்தில் வரைந்து ஐந்து பேரிடம் கொடுங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். சரி, அது திரையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதற்கு மட்டும். காசு கொடுத்து வாங்குவார்களா என்பதை அந்த ஐந்து பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.