கால் நீளமாக இருந்தால் அதிக தூரம் தாண்டலாமா? கேள்வி பதில்

“கால் நீளமான பிள்ளைகள் அதிக தூரம் தாண்டுவார்களா?” ஆறாம் வகுப்பில் வருடாவருடம் நான் செய்யவைக்கும் சோதனை இது. அதைப் பற்றி வந்த கேள்விகள் சில.

சார், கால் நீளத்தை எங்கிருந்து அளப்பது? ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது.

இடுப்பிலிருந்து என்று சொன்னால் அப்படித்தான் ஆகும். பெல்ட் இருக்கும் இடம்தான் இடுப்பு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். சுவரோரம் வெறுங்காலில் நிற்கவைத்து உயரத்தை அளந்துவிடுங்கள். பிறகு ஸ்டூலில் நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்டூலிலிருந்து உச்சந்தலை வரை அளந்து கழியுங்கள். 142-இல் 75 போனால் கால் 67 செ.மீ. யாரும் யாரையும் தொடவேண்டியதில்லை.

தையல் டேப் என்றால் கவனம். ஒருமுறை ஒரு மாணவியின் உயரம் 56 செ.மீ. என்று எழுதி வந்தார்கள். டேப்பின் இன்ச் பக்கத்தைப் படித்திருக்கிறார்கள்!

தாண்டுவது நின்ற இடத்திலிருந்துதான், ஓடிவந்து அல்ல. சாக்பீஸ் கோட்டிலிருந்து பின்னால் இருக்கும் குதிகால் வரை அளக்க வேண்டும். ஆளுக்கு மூன்று தரம். மூன்றில் எதை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

32 பேரை அளந்தோம். வரைபடத்தாளில் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன, கோடு வரவில்லை. சோதனை தோல்வியா?

இல்லவே இல்லை. ஒரே வகுப்புப் பிள்ளைகளின் கால் நீளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் ஒரே பிள்ளையின் மூன்று தாண்டல்களைப் பாருங்கள், அதிலேயே ஒரு சாண் வித்தியாசம் வரும். அதனால்தான் சிதறுகிறது.

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சேர்த்து அளந்தால் அழகாகக் கோடு வரும். ஏமாந்துவிடாதீர்கள், அங்கே வேலை செய்வது வயது. அதே பிள்ளைகளின் செருப்பு அளவையும் வாசிக்கும் திறனையும் ஒப்பிட்டாலும் கோடு வரும். பெரிய செருப்பு போட்டால் நன்றாக வாசிக்க வருமா என்ன?

கால் நீண்ட அளவுக்குத் தாண்டல் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கானால் தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்கு. வலிமை அந்தக் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அதனால் வளர்ந்த அளவுக்குத் தாண்டல் வளராது. ஸ்வீடனின் உயரம் தாண்டுதல் வீரர் ஸ்டெஃபான் ஹோல்ம் 181 செ.மீ. உயரம்தான். 2005-இல் 2.40 மீட்டர் தாண்டினார், தலைக்கு மேல் 59 செ.மீ.!

லண்டனில் 1884-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் பொதுமக்களிடம் மூன்று பென்னி வாங்கிக்கொண்டு உயரம், கைவீச்சு, பிடிவலிமை என்றெல்லாம் அளந்தார். இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்தே மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு என்ற கணக்கை 1888-இல் அவர்தான் முன்வைத்தார். ‘உயர்ந்த’ பரம்பரையினர்தான் பெருக வேண்டும் என்று அவர் பேசிய இனமேம்பாட்டுக் கொள்கை வேறு கதை, அதை வகுப்புக்குள் விடாதீர்கள்.

என் மகன் கொஞ்சம் குண்டு. அவன் எடையை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார்களாம். இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான்.

தப்புதான் அம்மா. இந்தக் கேள்விக்கு எடையே தேவையில்லை. அட்டவணையில் பெயரும் வேண்டாம், எண் போதும். ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

வகுப்பில் ஒரு மாணவிக்கு நடப்பதே சிரமம். அவளை நேரம் பார்க்க உட்கார வைத்துவிடலாமா?

வேண்டாம் டீச்சர், அவளும் அளவெடுப்பில் இருக்கட்டும். எல்லாருக்குமே சோதனையை மாற்றுங்கள். அடிஸ்கேலை மேலிருந்து விட்டு, விரலால் பிடிக்கச் சொல்லுங்கள். 20 செ.மீ. விழுந்து பிடித்தால் 0.2 வினாடி. கைச்சாண் பெரிதாக இருப்பவர் சீக்கிரம் பிடிக்கிறாரா என்று பார்க்கலாம். வலது கால் ஊனமான சேலம் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதையும் அப்போது சொல்லுங்கள்.

சார், நான் ஏழாவது. குள்ளம். ஆனால் அதிகமாகத் தாண்ட ஆசை. வழி உண்டா?

உண்டு தம்பி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று தரம் தாண்டு. அப்புறம் கையை நன்றாக வீசி மூன்று தரம். இரண்டையும் அளந்து எனக்கு எழுது.