அவுஸ்திரேலியாவில் ஸ்ட்ரோபெரி பிடுங்கும் வேலை ஆபத்தானதா?

கேள்வி: பிரிஸ்பனில் படிக்கிறேன். ஜூன், ஜூலை விடுமுறைக்கு கபூல்ச்சர் பக்கம் ஸ்ட்ரோபெரி பிடுங்க நண்பன் கூப்பிடுகிறான். ஒரு ஆபத்தும் இல்லை என்கிறான். உண்மையா? என்ன சப்பாத்து வாங்க வேண்டும்?

நானும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று சீசன் பிடுங்கியவன். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் நண்பன் சொல்வது பாதி சரி. பழம் பிடுங்கும்போது யாரும் செத்ததை நான் கண்டதில்லை. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து நின்றால் நாரி விட்டுப்போகும். மூன்றாம் நாள் காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போது தெரியும். இலையின் சுணை பட்டு முழங்கை வரை கடிக்கும். பாத்திக்கு விரித்த கறுப்புப் பொலித்தீன் விடியப்புறப் பனியில் நனைந்திருந்தால் வழுக்கும். மருந்தடித்த பாத்திக்குள் எவ்வளவு நேரம் கழித்து இறங்கலாம் என்பது மருந்தின் லேபிளிலேயே இருக்கும், கேட்டுவிட்டு இறங்குங்கள். இவையெல்லாம் சமாளிக்கலாம். நான் கண்ட பெரிய காயம் வாகனத்தால் வந்தது.

2017 ஆகஸ்ட். என்னோடு ஒரே வீட்டில் இருந்த தம்பி ஒருவன், முல்லைத்தீவுப் பெடியன். இருவரும் 2012இல் படகில் வந்தவர்கள், பிரிட்ஜிங் விசா, அதாவது முடிவு வரும்வரை தங்கத் தரும் தற்காலிக விசா. கொன்ராக்டரின் வானில்தான் வேலைக்குப் போவோம். சம்பளம் மணிக்கணக்கில் இல்லை, ட்ரே கணக்கில். ஒரு பிளொக் (தோட்டத்தின் ஒரு துண்டு) முடிந்து அடுத்த பிளொக்குக்கு நடந்து போனால் பத்து நிமிடம் போகும், அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசில்லை. ஆகவே எல்லாரும் ட்ராக்டரில் தொற்றிக்கொள்வோம். இடமில்லாதவர்கள் ட்ராக்டரையும் ட்ரெயிலரையும் கொழுவியிருக்கும் இரும்புச் சட்டத்தில் நிற்பார்கள். சுப்பவைசர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். கெதியாக வாங்கோ என்பாரே தவிர, இறங்கச் சொன்னதை நான் கேட்டதில்லை.

அன்று தம்பி அந்தச் சட்டத்தில் நின்றான். வாய்க்காலில் சில்லு இறங்கி எழும்பியபோது கைப்பிடி விட்டது. ட்ரெயிலரின் முன்சில்லு வலது கணுக்காலில் ஏறி நின்றது. சத்தம்கூடப் போடவில்லை அவன். "அண்ணை, சப்பாத்தைக் கழட்டுங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கழற்ற முடியவில்லை. கால் அதற்குள்ளேயே வீங்கிவிட்டது. பழம் பொதி செய்கிற ஷெட்டில் இருந்து கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினோம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சுப்பவைசர் என்னிடம் சொன்னார்: "வீட்டுப் படியில விழுந்தது எண்டு சொல்லு. வேலையில எண்டால் உங்கட விசாவுக்குத்தான் பிரச்சினை." எனக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் வரும், அவனுக்கு வராது. தாதி, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, இலவசம் என்று கேட்டார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். எங்கே விழுந்தார் என்று கேட்டார். வீட்டில் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்தார். பத்து நகத்துக்குள்ளும் சிவப்புச் சாயம். அவனுடைய கையும் அப்படித்தான். மறுபடி ஒருமுறை, மெதுவாக, "வீட்டிலா?" என்றார். ஓம் என்றேன்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. மெடிகெயர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பு இருந்தபடியால் சத்திரசிகிச்சைக்குக் காசு கட்டவில்லை. ஆனால் நான்கு மாதம் ஒரு சதம் வருமானம் இல்லை. ஊரில் தாய்க்கு அனுப்புவதும் நின்றுபோனது.

அடுத்த வருடம் மார்ச்சில் ஒரு இலவசச் சட்ட ஆலோசனைக் கூட்டத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. குயின்ஸ்லாந்தில் வேலையில் காயப்பட்டால் வேர்க்கவர் காப்புறுதி உண்டு. எந்த விசா என்று அது பார்ப்பதில்லை. பொதுவாக யாருடைய பிழை என்றும் பார்ப்பதில்லை. வைத்தியச் செலவும் வாராந்தக் கொடுப்பனவும் வரும். டொக்டரின் சான்றிதழோடு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது, ஆஸ்பத்திரிப் பதிவிலும் "வீட்டில்" என்றுதான் கிடந்தது. தம்பியிடம் சொன்னேன். "விடுங்கோ அண்ணை" என்றான். என்னால் இன்றுவரை விட முடியவில்லை.

ஏன் அப்போதே எதிர்த்துக் கேட்கவில்லை என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: விசா முடியும் திகதியை ஒவ்வொரு நாளும் எண்ணிப் படுத்தவர்கள் நாங்கள். நீங்கள் அந்த நிலையில் இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். எல்லாத் தோட்டமும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை. கடைசி சீசனில் நான் வேலை செய்த இடத்தில் முதலாளி முதல் நாளே ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு எல்லாம் காட்டித் தந்தார். ட்ராக்டரில் ஏறினால் வேலை போகும் என்றார், சொன்னபடி ஒருவனை அனுப்பியும் விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். 2018 செப்டெம்பரில் ஸ்ட்ரோபெரிக்குள் தையல் ஊசி இருந்த செய்தி வந்தது ஞாபகமா? குயின்ஸ்லாந்து அரசு ஒரு லட்சம் டொலர் சன்மானம் அறிவித்தது. உணவைக் கெடுப்பவர்களுக்கான உச்சத் தண்டனையை 10 வருடத்திலிருந்து 15 ஆக்கும் சட்டத்தை மத்திய பாராளுமன்றம் அவசரமாக நிறைவேற்றியது. தோட்டங்கள் உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரம் வாங்கின. விவசாயிகள் பழத்தை லொறி லொறியாகக் கொட்டியதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது, அவர்கள்மேல் கோபமில்லை. ஆனால் தொலைக்காட்சியில் ஒரு கிழமையாகப் பழத்தைக் காட்டினார்கள், பிடுங்குகிறவனை யாரும் காட்டவில்லை. ட்ரே கணக்கில் வேலை செய்பவருக்கும் மணிக்கு ஒரு குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்ற விதி நடைமுறைக்கு வர 2022 ஏப்ரல் 28 ஆனது. அது 2017இல் இருந்திருந்தால் தம்பி அந்தப் பத்து நிமிடத்தை நடந்தே போயிருப்பான்.

நீங்கள் போனால் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: பிளொக்குக்கு பிளொக் எப்படிப் போவது, காயம் பட்டால் யார் எழுதிக்கொள்வது. காயம் பட்டால் நடந்ததை நடந்தபடி டொக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் இங்கிலிஷில் படிப்பவர், உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்காது. பக்கத்துப் பாத்தியில் நிற்பவருக்கு வேண்டியிருக்கும்: 131 450, தொலைபேசி மொழிபெயர்ப்பு, தமிழும் உண்டு. கூட்டாளிக்காக நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதீர்கள்.

சப்பாத்து: கணுக்காலை மூடுகிற, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ். அடிப்பகுதி வழுக்காததாகப் பாருங்கள். கயிறு கட்டுகிறதைவிடப் பக்கத்தில் சிப் வைத்தது நல்லது, கெதியாகக் கழற்றலாம்.